கேமராவின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும்போது புதுத் தூசி நுழையாமல் காப்பது எப்படி?

இழைநகரம் (திருப்பூர்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் பகுதி; முழுச்சட்ட அளவைவிடச் சிறியது) கொண்ட, உள்ளே மிரர் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று உள்ளது. கோயில் கோபுரங்களையும் தேர்த் திருவிழாக்களையும் எடுப்பதால் என் படங்களில் பெரும்பகுதி வானமாகவே அமைகிறது. அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப்/11-க்கு அப்பால் சுருக்கும்போதெல்லாம் (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) அந்த வானத்தில் மங்கிய சாம்பல் புள்ளிகள் தெரிகின்றன. லென்ஸை மாற்றினாலும் அவை அதே இடத்தில் நிற்பதால், தூசி சென்சாரின் மேலுள்ள கண்ணாடியில்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

மெனுவில் உள்ள துப்புரவு வசதியைக் கொண்டு, சென்சாரை மறைத்து நிற்கும் மிரரை உயர்த்தி, கையால் அழுத்திக் காற்று ஊதும் ரப்பர் புளோவரால் ஊதிப் பார்த்தேன். பழைய புள்ளிகளில் சில மறைந்தன. ஆனால் அதுவரை சுத்தமாக இருந்த மூலையில் புதியவை தோன்றிவிட்டன. அவற்றுள் ஒன்று சுருண்ட நூலிழையின் வடிவில் இருக்கிறது. எங்கள் தெருவில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டுகள் இருப்பதால், சன்னலைச் சாத்தி வைத்தாலும் மாலைக்குள் மேசையின் மேல் பஞ்சு படிந்துவிடும்.

சென்சாரைத் துடைக்கும் முறையை விளக்கும் காணொளிகள் ஏராளமாக உள்ளன. நான் கேட்பது அதற்கு முந்திய விஷயம்: லென்ஸ் கழற்றப்பட்டு, சென்சாரின் முன்னுள்ள மெல்லிய திரையான ஷட்டர் திறந்து, உட்புறம் முழுவதும் வெளிக்காற்றுக்குக் காட்டப்பட்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், வெளியேற்றும் தூசியைவிட அதிகத் தூசியை உள்ளே விடாமல் இருப்பது எப்படி? குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி பரப்பிவிட்டுச் செய்ய வேண்டும் என்கிறார் ஒருவர்; ஏசி அறையே போதும் என்கிறார் மற்றொருவர்; வேக்குவம் கிளீனரின் குழாயைக் கேமராவின் வாயருகே பிடித்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழுதுமேசை (கோயம்புத்தூர்):

கேமரா பழுதுபார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுத்தம் செய்தபின் தோன்றும் புதுப் புள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு அறைக்காற்று காரணமாக இருப்பதில்லை. அவை கேமராவின் சொந்த உட்புறத்திலிருந்தும், நாம் பயன்படுத்தும் கருவியிலிருந்தும், குனிந்து பார்க்கும் நம் உடலிலிருந்தும் வருகின்றன. ஊரெல்லாம் பஞ்சு பறந்தாலும் இம்மூன்றையும் கவனித்துக்கொண்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நேர்ந்ததை என்னால் ஊகிக்க முடிகிறது. மிரரை உயர்த்தியவுடன் நேராக ஊதியிருப்பீர்கள். லென்ஸ் வளையத்துக்கும் ஷட்டருக்கும் இடைப்பட்ட மிரர் பாக்ஸின் தரையிலும் சுவர்களிலும்தான் கேமராவின் தூசியில் பெரும்பங்கு தங்கியிருக்கிறது. அங்கே ஊதிய காற்று சுவரில் மோதித் திரும்பும்போது, படிந்து கிடந்த தூசியைக் கிளப்பித் திறந்திருக்கும் சென்சாரின் மேல் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. ஆகவே முதல் சுற்று ஊதுதலை மிரர் கீழே இருக்கும்போதே, ஷட்டர் மூடிய நிலையிலேயே செய்ய வேண்டும். கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மிரர் பாக்ஸின் சுவர்களையும் தரையையும் நன்றாக ஊதி, சற்று நேரம் அப்படியே பிடித்திருந்து, பிறகுதான் மிரரை உயர்த்திச் சென்சாரை ஊத வேண்டும். அதையும் கீழ்நோக்கிய நிலையிலேயே செய்யுங்கள். புளோவரின் முனை லென்ஸ் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. அது கைதவறிச் சென்சாரில் இடித்தால் தூசியைவிடப் பெரிய செலவாகிவிடும்.

இதற்கும் முன்பாக, லென்ஸைக் கழற்றாமலேயே வெளிப்புறத்தை முழுமையாகச் சுத்தம் செய்யுங்கள். கழுத்து வாரைக் கழற்றி வைத்துவிடுங்கள். பழைய பருத்தி வார் நூல் உதிர்ப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். லென்ஸும் கேமராவும் சேரும் விளிம்பில் மென்தூரிகையை ஓட்டுங்கள், ஏனென்றால் லென்ஸைத் திருகும் கணத்தில் அந்த விளிம்பில் உள்ளது அனைத்தும் உள்ளே விழக் காத்திருக்கிறது. பலரும் மறந்துவிடுவது மூடிகளைத்தான். லென்ஸின் பின்மூடியும் கேமராவின் வாய்மூடியும் பையின் அடியில் கிடந்து பஞ்சைச் சேகரித்துக்கொண்டு, பிறகு அதை நேராகச் சென்சாரின் எதிரே வைக்கின்றன. இரண்டையும் சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்துங்கள். பயன்பாட்டில் இல்லாதபோது ஒன்றோடொன்று முகம் பொருத்தித் திருகி வைத்தால் உட்புறம் சுத்தமாகவே இருக்கும்.

புளோவரைப் பொறுத்தவரை, பின்புறம் தனி வால்வு உள்ளதையே வாங்குங்கள். வால்வு இல்லாதது, கையைத் தளர்த்தும்போது முனை வழியாகவே காற்றை இழுக்கும். மிரர் பாக்ஸில் கிளம்பிய தூசியைத் தானே விழுங்கி அடுத்த அழுத்தலில் சென்சாரின் மேல் உமிழும். வால்வு உள்ளதும் தன் பின்னால் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது என்பதால், அதைச் சட்டையை ஒட்டிப் பிடிக்காதீர்கள். புதிதாக வாங்கியதைச் சென்சாரின் அருகே கொண்டுபோகும் முன் வெளியே பலமுறை அழுத்தி ஊதிவிடுங்கள். சிலவற்றின் உள்ளே ரப்பர் ஒட்டாதிருக்கத் தூவிய மாவுப்பொடி இருப்பதுண்டு. வாயால் ஊதுவதும், டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்றும், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் கூடவே கூடாது. முதலாவதில் எச்சில், இரண்டாவதில் குளிர்ந்த திரவம், மூன்றாவதில் எண்ணெயும் நீரும் சேர்ந்து வரும்.

கடைசியாக நம் உடல். கம்பளி, டவல் துணி போன்ற இழை உதிர்க்கும் ஆடைகளைத் தவிருங்கள். முழங்கை வரை கழுவிக்கொள்ளுங்கள். முகத்தில் பவுடர் இருந்தாலும் நெற்றியில் திருநீறு இருந்தாலும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அமருங்கள். குனியும்போது நேர்க்கீழே இருப்பது சென்சார்தான். பூசித்த கேமரா என்று அதன் மேலேயே திருநீறும் சந்தனமும் வைத்துக் கொண்டுவரும் வாடிக்கையாளர்கள் எங்களுக்கு ஆயுத பூசை முடிந்த வாரத்தில் வழக்கமாக உண்டு.

ஒளித்துளை (சென்னை):

பழுதுமேசை ஐயா சொன்னதை இயற்பியல் வழியில் உறுதிப்படுத்தலாம் என்று தோன்றியது. அறைக்காற்றைப் பற்றிய பயத்தில் எவ்வளவு நியாயம் உள்ளது என்பதைச் சில எண்களே காட்டிவிடும்.

தூசி சென்சாரின் மேலேயே அமர்வதில்லை. அதற்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் உள்ள வடிகட்டிக் கண்ணாடியில் அமர்கிறது. அந்த இடைவெளி 1 மி.மீ. என்று கொண்டால், தூசியின் நிழல் எஃப்/2.8-இல் சுமார் 0.36 மி.மீ. அகலத்துக்குப் பரவிக் கரைந்துவிடுகிறது. எஃப்/16-இல் அந்தப் பரவல் 0.06 மி.மீ.தான். எனவே வானத்தில் புள்ளியாகத் தெரிய வேண்டுமானால் துகளும் ஏறத்தாழ அந்த வரிசையில், அதாவது சில பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில், இருக்க வேண்டும். ஒரு மைக்ரான் துகள் எத்தனை விழுந்தாலும் தனிப் புள்ளியாக நம் கண்ணுக்குப் படாது.

இனி விழும் வேகத்தைப் பாருங்கள். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் வினாடிக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வேகத்தில் இறங்குகிறது, இரண்டு மீட்டர் இறங்க அதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் வேண்டும். 20 மைக்ரான் துகளுக்கு மூன்று நிமிடங்கள் போதும். ஒரு மைக்ரான் துகளோ அரை நாளுக்கு மேல் மிதக்கும், ஆனால் அது நமக்குப் பொருட்டில்லை. ஆக, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, யாரும் நடமாடாமல் அரை மணி நேரம் விட்டுவைத்தால், படத்தைக் கெடுக்கக்கூடிய உருண்டைத் துகள்கள் பெரும்பாலும் தரைக்கு வந்துவிடும். பஞ்சிழை மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. நீளமும் மென்மையும் உள்ள இழை காற்றைப் பற்றிக்கொண்டு மெதுவாகவே இறங்கும்; ஓர் ஆள் நடந்தாலே மீண்டும் எழும். திருப்பூர் நண்பர் ஒரு மணி நேரம் விடுவது நல்லது. அதற்கு முன் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

குளியலறை யோசனை முழுக்கப் பொய்யன்று. நீர்த்துளிகள் தூசியைப் பற்றி இறக்குகின்றன. ஈரக்காற்றில் நிலைமின்னேற்றமும் குறைவதால் துகள்கள் சென்சாரை நோக்கி இழுக்கப்படுவதும் தணிகிறது. ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் அதற்கு மேலும் ஆவி சேர்த்தால், சற்றுக் குளிர்ந்திருக்கும் கேமராவின் கண்ணாடிகளில் பனித்துவிடும். தூசியை நனைத்து உலரவிட்டால் அது கண்ணாடியோடு இறுகிக்கொள்ளும். அதன் பிறகு புளோவர் உதவாது. ஆவி முழுவதும் அடங்கி, சுவர்கள் உலர்ந்த பிறகு அந்த அறையைப் பயன்படுத்தினால் எனக்கு மறுப்பில்லை. துணியும் மெத்தையும் திரைச்சீலையும் இல்லாத அறை என்பதே குளியலறையின் உண்மையான சிறப்பு.

வேக்குவம் கிளீனரை முந்தின நாளே பயன்படுத்தி முடித்துவிடுங்கள். அது பெரிய தூசியைப் பிடித்துக்கொண்டு நுண்தூசியைப் பின்வழியே ஊதுகிறது. மேலும் அதன் வேகமான காற்று அறை முழுவதையும் கலக்குகிறது. கேமராவின் வாயருகே உறிஞ்சுகுழாயைப் பிடிப்பது, மெல்லிய ஷட்டர் இதழ்களை நினைத்தால், நான் ஒருபோதும் செய்யத் துணியாத காரியம்.

உங்கள் தெருவின் நிலைக்குக் கூடுதலாக ஒன்று செய்யலாம். ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, அதற்குள் கைகளை மட்டும் நீட்டி வேலை செய்யுங்கள். சர்வீஸ் சென்டர்களில் ஹெபா வடிகட்டி வழியாக வரும் சீரான காற்றோட்டத்தில் வேலை செய்கிறார்கள், 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பது அந்த வடிகட்டி. நமக்கு அவ்வளவு தேவையில்லை. மேலிருந்து விழுவதைத் தடுக்கும் ஒரு கூரை இருந்தால் போதும்.

மலைமுகடு:

மிரர்லெஸ், அதாவது மிரர் இல்லாத கேமரா, வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸைக் கழற்றியவுடன் சென்சார் நேராக வெளியே தெரியும். 2018-இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர் போன்ற சிலவற்றில், பவரை அணைத்ததும் ஷட்டர் தானே மூடிக்கொள்கிறது. லென்ஸ் மாற்றும்போது அது நல்ல பாதுகாப்பு. ஆனால் மூடிய ஷட்டரின் மேல் அருகிலிருந்து வேகமாக ஊதக் கூடாது, இதழ் வளைந்துவிடும். ஆழமான மிரர் பாக்ஸ் இல்லாததால் ஒளிந்திருக்கும் தூசி குறைவு என்பது இதில் உள்ள ஆறுதல். நடுக்கம் தடுக்கும் அமைப்புள்ள சென்சார் தன் இருக்கையில் அசையக்கூடியது என்பதையும், ஸ்வாப்பால் (சென்சாரைத் துடைக்கும் குச்சி) அழுத்தும் முன் அந்த மாடலின் கையேட்டில் துப்புரவு நிலை பற்றிய பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படச்சுருள் (மதுரை):

பழைய பிலிம் கேமராக்களைத் திறந்து சுத்தம் செய்பவன் என்பதால், இந்தக் கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். டிஜிட்டலில் தூசி ஒரே இடத்தில் அமர்ந்து எல்லாப் படங்களையும் கெடுக்கிறது. பிலிமிலோ ஒவ்வொரு படத்துக்கும் புதிய பரப்பு வருவதால், ஷட்டரின் பின்னால் ஒட்டிய துகள் அந்த ஒரு சட்டத்தோடு போய்விடுகிறது. ஆனால் பிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டில் ஒரு மணல் துகள் சிக்கிவிட்டால், அந்தச் சுருளின் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை நேர்க்கோடாகக் கீறிவிடும். ஆகவே பின்கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இவ்வகைக் கேமராக்களில் தூசியை உண்டாக்குவதே கேமராதான். வெளிச்சம் புகாமல் தடுக்கக் கதவின் விளிம்பிலும், மிரரின் அதிர்வைத் தாங்க அதன் மேலேயும் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு, 1970களிலும் 80களிலும் வந்த கேமராக்களில் இன்று கறுப்புப் பிசினாகவும் பொடியாகவும் மாறியிருக்கிறது. அதைச் சுரண்டும்போது உதிர்வது ஷட்டரின் இதழ்களுக்குள் போனால் ஷட்டர் சிக்கிக்கொள்ளும். மிரருக்கு மேலே, வியூஃபைண்டருக்கான பிம்பம் விழும் ஃபோகஸிங் ஸ்கிரீனில் விழுந்து அதைத் துடைக்க முயன்றால் பிசின் தேய்ந்து நிரந்தரக் கறையாகும். நான் வேலையைத் தொடங்கும் முன் ஷட்டர் திறப்பின் மேல் அளவாக வெட்டிய காகிதத்தை, இதழ்களைத் தொடாதபடி, விளிம்புகளில் மென்பசை நாடாவால் ஒட்டிவிடுவேன். உலர்ந்ததாகச் சுரண்டாமல், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பல் குத்தும் குச்சியால் சிறிது சிறிதாக ஊறவைத்து வழித்தால், பொடி பறக்காமல் குச்சியிலேயே திரண்டு வரும். குச்சியிலிருந்து ஆல்கஹால் சொட்டக் கூடாது; தொட்டு, ஒற்றி, பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும். மிரருக்கு மேலுள்ள ஸ்பாஞ்சை எடுக்கும்போது கேமராவைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது, ஏனென்றால் அப்போது ஸ்கிரீன் அடியில் வந்து உதிர்வது முழுவதும் அதில் விழும்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: மிரரின் பூச்சு கண்ணாடியின் முன்பரப்பிலேயே இருப்பதால் விரலோ துணியோ அதைத் தொடக் கூடாது. ஸ்கிரீன் மென்மையான பிளாஸ்டிக். இரண்டிலும் உள்ள தூசி படத்தில் விழாது. வியூஃபைண்டரில் தெரிகிறது என்பதற்காக அதை விரட்டப்போய் ஸ்கிரீனில் கீறல் போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

இழைநகரம்:

அனைவருக்கும் மிக்க நன்றி. மிரர் கீழே இருக்கும்போதே முதலில் ஊத வேண்டும் என்ற விளக்கம் எனக்குப் புதியது. நூலிழை எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது விளங்குகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஊதியும் போகாத புள்ளி இரண்டு இருக்கின்றன. அவற்றுக்கு ஸ்வாப் பயன்படுத்தினால், அந்த ஸ்வாப்பே இழை விடாதா? அடுத்தது, புள்ளி படத்தில் மேல் இடது மூலையில் தெரிந்தால் சென்சாரில் எந்தப் பக்கம் தேட வேண்டும்? மாசித் தேர் நெருங்குவதால் அதற்குள் இதை முடிக்க நினைக்கிறேன்.

பழுதுமேசை (கோயம்புத்தூர்):

இரண்டாவது ஐயம் எளிது. சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுகிறது. நாமோ கேமராவை முன்பக்கமிருந்து பார்க்கிறோம். இரண்டையும் சேர்த்தால், இடம் வலம் மாறாது, மேல் கீழ் மட்டும் மாறும். படத்தின் மேல் இடது மூலையில் உள்ள புள்ளியை, உங்களை நோக்கி வைத்த கேமராவில் கீழ் இடது மூலையில் தேடுங்கள். சிறு டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினால் பெரிய துகள் மின்னும்.

ஸ்வாப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. வீட்டில் கிடைக்கும் பஞ்சுக் குச்சியும் கண்ணாடி துடைக்கும் துணியும் கட்டாயம் இழை விடும். சென்சாருக்கென்று காற்றுப் புகாத தனித்தனி உறையில் வருபவையே இதற்கு உரியவை. ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ. அகலமும் முழுச்சட்டச் சென்சாருக்கு 24 மி.மீ. அகலமும் கொண்டவை கிடைக்கின்றன. உறையை மிரர் உயர்ந்த பிறகே கிழியுங்கள், ஆனால் கேமராவின் மேலே வைத்துக் கிழிக்காதீர்கள். உறையின் கிழிந்த விளிம்பே துகள் உதிர்க்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு, ஸ்வாப்பைத் திருப்பி மறுபக்கத்தால் எதிர்த்திசையில் ஓர் இழுப்பு, அதோடு அந்த ஸ்வாப் குப்பைக்குப் போக வேண்டும். விலையைப் பார்த்து இரண்டாம் முறை ஓட்டினால் முதல் முறை எடுத்த துகளே உராய்வுத் தாளாகிவிடும். திரவத்தையும் இதற்கென விற்பதையே வாங்குங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் உள்ள நீர் உலரும்போது வளையமாகத் தடம் விடும். முன்பே நன்றாக ஊதியிராமல் ஸ்வாப்பைத் தொடவே வேண்டாம்.

பேட்டரி முழுமையாக ஏறியிருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் தீர்ந்தால் மிரர் இறங்கி ஷட்டரும் மூடும். உள்ளே ஸ்வாப் இருந்தால் இதழ்கள் கிழியும். பல்பு நிலையில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு சுத்தம் செய்யும் பழைய வழக்கம் இதனாலேயே ஆபத்தானது. போதாக்குறைக்கு அப்போது சென்சாரும் இயங்கிக்கொண்டிருக்கும்.

2003-இல் ஒலிம்பஸ் இ-1 தொடங்கி வைத்த அதிர்வு முறைத் தானியங்கித் துப்புரவு உங்கள் கேமராவிலும் இருக்குமானால், அதை ஊதுவதற்கு முன்னும் பின்னும் இயக்குங்கள். அந்த நேரத்தில் மட்டும் கேமராவின் அடிப்பாகம் மேசையில் நிற்க வேண்டும். ஊதும்போது கீழ்நோக்கிப் பிடிக்கச் சொன்னேன், இதற்கு அப்படியல்ல. உதறப்பட்ட தூசி சென்சாருக்குக் கீழே உள்ள ஒட்டுப்பட்டையில் விழ வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம்.

தேருக்கு முந்தின இரவில் இதைச் செய்யாதீர்கள். சுத்தம் செய்தபின் மூடியைப் போட்டு, வெறுமனே ஷட்டரைப் பலமுறை இயக்கிவிட்டு, லென்ஸை மாட்டி வெள்ளைச் சுவரை எஃப்/16, ஐஎஸ்ஓ 100, ஃபோகஸ் விலகிய நிலையில், கேமராவை மெல்ல அசைத்தபடி எடுத்துப் பாருங்கள். சுவரின் சொரசொரப்பு கலங்கிவிடும், தூசி மட்டும் நிற்கும். மிரரின் அசைவில் மூலைமுடுக்கிலிருந்து கிளம்புவது இந்தச் சோதனையில் தெரியவரும். புதுக் கேமராவில் ஷட்டரிலிருந்தே எண்ணெய்த் துளியும் உலோகத் துகளும் தெறிப்பது உண்டு. 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் இது பெரிய புகாராகி, உத்தரவாதக் காலம் முடிந்தவர்களுக்கும் ஷட்டரை இலவசமாக மாற்றித்தருவதாக அந்நிறுவனம் 2014-இல் அறிவித்தது. அப்படிப்பட்ட எண்ணெய்ப் புள்ளி நடுவில் வெளுத்து ஓரத்தில் கருத்திருக்கும். அதை எவ்வளவு ஊதினாலும் போகாது. உங்கள் இரண்டு புள்ளிகளும் அந்த வடிவில் இருந்தால், ஸ்வாப்பை எடுக்கும் முன் வெள்ளைச் சுவர்ப் படத்தை இங்கே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.